சடைப் பின்னலுக்கு வண்ணம் போடுதல்

மூன்று இழைப் பின்னல் ஒன்றின் மேல்முனைகளையும் கீழ்முனைகளையும் வரிசை மாறாமல் இணைத்து மூடினால், கணிதவியலாளர்கள் முடிச்சு என்று சொல்லும் பொருள் கையில் வந்துவிடும். முனையே இல்லாத, தன்னைத்தானே சுற்றிக்கொண்ட வளையம் அது. இரண்டு சுற்று பின்னி மூடினால் ஒரு முடிச்சு, நான்கு சுற்று பின்னி மூடினால் வேறொரு முடிச்சு. இந்த வரிசையை முதலிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றுக்கும் முடிச்சுக் கோட்பாட்டின் விதிப்படி வண்ணம் போட்டுக்கொண்டே போக வேண்டும் என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட வேலை. பலகையிலும் கயிற்றிலும் தொடங்கியது எண் அட்டவணையில் போய் நின்றது. நடுவில் ஃபிபனாச்சி எண்கள் (1, 1, 2, 3, 5, 8 என்று, முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் வரிசை) அழைக்காமலே வந்து சேர்ந்தன.

முதலில் பொருட்கள். குண்டூசி இறங்கக்கூடிய மென்பலகை ஒன்று, விரல் தடிமனுக்குச் சற்றே குறைந்த வெள்ளைப் பருத்திக் கயிறு, மின்கம்பிகளுக்குச் சுற்றும் வண்ண நாடா மூன்று நிறங்களில். வழுவழுப்பான நைலான் கயிறு இந்த வேலைக்கு ஆகாது. பின்னல் தானாகவே நழுவி இறுகிவிடும். படத்தில் நாம் விரும்புவது தளர்ந்த, ஒவ்வொரு குறுக்கிடமும் தனித்தனியாகத் தெரியும் பின்னல். காகிதத்தில் வரைந்தே எல்லாவற்றையும் செய்யலாம் என்பது உண்மைதான். ஆனால் கயிற்றை நகர்த்திப் பார்க்கும்போது மட்டுமே புரியும் விஷயம் ஒன்று இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வண்ணம் கயிறு முழுவதற்கும் ஒன்றல்ல. முடிச்சின் படத்தை வரையும்போது ஓர் இழை இன்னொன்றின் அடியில் போகும் இடத்தில் கோட்டைச் சிறிது விட்டு வரைகிறோம். அந்த இடைவெளிகள் கயிற்றைத் துண்டுகளாகப் பிரிக்கின்றன. ஒரு துண்டு ஓர் இழைக்கு அடியிலிருந்து வெளிப்பட்டு, எத்தனை இழைகளின் மேலேறிப் போனாலும், அடுத்த முறை அடியில் நுழையும் வரை ஒரே துண்டுதான். வண்ணம் துண்டுக்கு உரியது. இழை அடியில் நுழையும் இடத்தில்தான் அது மாறலாம். நாடா சுற்றும்போது இதுதான் தொல்லை. நிறம் மாறும் இடம் மேலே கிடக்கும் இழைக்கு நேர் அடியில் மறைய வேண்டும். கயிறு கொஞ்சம் நகர்ந்தாலும் ஒட்டு வெளியே தெரிந்து படம் பொய்யாகிவிடும். ஒவ்வொரு குறுக்கிடத்துக்கும் இருபுறமும் குண்டூசி குத்தி நிறுத்திய பிறகே நாடாவைத் தொடுவது நல்லது.

விதி எளிது. ஒவ்வொரு குறுக்கிடத்திலும் மூன்று துண்டுகள் கூடுகின்றன: மேலே போவது ஒன்று, அடியில் நுழைவது ஒன்று, அடியிலிருந்து வெளிவருவது ஒன்று. அந்த மூன்றும் ஒரே வண்ணமாக இருக்க வேண்டும், அல்லது மூன்றும் வெவ்வேறாக இருக்க வேண்டும். இரண்டு மட்டும் ஒத்துப்போய் மூன்றாவது விலகி நிற்பது கூடாது. ஒரே வண்ணத்தை எங்கும் பூசினால் விதி எப்போதும் நிறைவேறும்; அதனால் அந்த வகை வண்ணமிடலால் பயனில்லை. 1950களில் ரால்ஃப் ஃபாக்ஸ் முடிச்சுக் கோட்பாட்டை மாணவர்களுக்கு எளிதாக்கிச் சொல்லக் கொண்டுவந்த உத்தி இது. பள்ளிப் பிள்ளைக்கும் சொல்லிவிடலாம், ஆனாலும் இது வெறும் விளையாட்டு அல்ல.

அந்தப் பலம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் கயிறு காட்டுகிறது. முடிச்சை அறுக்காமல் எப்படி நகர்த்தினாலும், அந்த நகர்வை மூன்று வகைச் சிறு அசைவுகளாகப் பிரித்துவிடலாம் என்று குர்ட் ரைடமைஸ்டர் 1927இல் நிறுவினார். ஒரு சுருக்கை முறுக்குவது அல்லது பிரிப்பது முதல் வகை. ஓர் இழையை இன்னொன்றின் மேல் தள்ளி இரண்டு குறுக்கிடங்களை உண்டாக்குவது அல்லது நீக்குவது இரண்டாவது. இரண்டு இழைகள் குறுக்கிடும் இடத்தைத் தாண்டி மூன்றாவது இழையை இழுப்பது மூன்றாவது. வண்ண நாடா சுற்றிய கயிற்றில் இவற்றைச் செய்துபார்த்தால், அசைவு நடந்த இடத்துக்கு வெளியே எந்த வண்ணத்தையும் தொட வேண்டியதில்லை என்பது கண்ணுக்கே தெரியும். உள்ளே மட்டும் ஒரு சின்னத் துண்டின் வண்ணம் மாறுகிறது, புதிதாகப் பிறக்கிறது, அல்லது மறைகிறது. அதுவும் என்ன வண்ணமாக வேண்டும் என்பது தானாகவே தீர்மானமாகிவிடுகிறது. ஆகவே ஒரு முடிச்சுக்கு எத்தனை விதமாக வண்ணமிடலாம் என்ற எண்ணிக்கை அதன் எல்லாப் படங்களுக்கும் ஒன்றே. வெறும் வளையத்துக்கு மூன்று வண்ணமிடல்கள்: முழுச் சிவப்பு, முழு நீலம், முழுப் பச்சை. வேறு எண்ணிக்கை கிடைத்தால் அது வெறும் வளையம் ஆக முடியாது.

சூடேற்றிக்கொள்ள இரண்டு இழைகளிலிருந்து தொடங்கினேன். இரண்டு கயிறுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே திசையில் முறுக்கி மூடுவது. இங்கேயே வண்ணங்களை விட்டு எண்களுக்குத் தாவிவிடுவது லாபம். சிவப்பு 0, நீலம் 1, பச்சை 2 என்று வைத்தால், விதி இப்படி மாறும்: வெளிவரும் எண் = மேல் எண்ணின் இரு மடங்கு கழித்தல் நுழையும் எண், 3ஆல் வகுத்த மீதியில். மேலே இருப்பதைக் கண்ணாடியாக வைத்து, அடியில் போவதை அதில் பிரதிபலித்து அனுப்புகிறோம். மூன்றோடு நிற்க வேண்டியதும் இல்லை. 5ஆல் வகுத்த மீதி, 7ஆல் வகுத்த மீதி என்று எதில் வேண்டுமானாலும் கணக்கிடலாம். மூன்றாவது வகை அசைவைக்கூட ஒரே வரியில் சரிபார்க்கலாம்: அடி இழை எந்த வழியாகப் போனாலும், வெளிவரும் எண் ‘கீழ் + 2 × உச்சி − 2 × நடு’ என்றே வருகிறது.

இரட்டை முறுக்கில் இடது இழை அ, வலது இழை ஆ என்றால், ஒரு குறுக்கிடத்துக்குப் பிறகு (2அ − ஆ, அ). இரண்டு எண்களின் வித்தியாசம் மாறவே இல்லை. முறுக முறுக எண்கள் கூட்டுத் தொடராக ஒரே படியில் ஏறுகின்றன. மூன்று குறுக்கிடங்களில் மூடினால் மூவிலை முடிச்சு. படி மூன்று முறை ஏறிப் பழைய இடத்துக்கு வர வேண்டும், 3ஆல் வகுத்த மீதியில் அது தானாக நடக்கிறது. ஆகவே இரண்டு தொடக்க எண்களையும் விருப்பப்படி எடுக்கலாம்: 9 வண்ணமிடல்கள். வெறும் வளையத்தின் 3 எங்கே, 9 எங்கே! மூவிலை முடிச்சை ஒருபோதும் அவிழ்க்க முடியாது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான நிரூபணம் எனக்குத் தெரியாது. ஐந்து குறுக்கிடங்களுக்கு 5, ஏழுக்கு 7 என்று இது போய்க்கொண்டே இருக்கும். அழகுதான், ஆனால் இதில் எதிர்பாராதது ஒன்றும் இல்லை. பின்னலுக்கு வருகிறேன்.

பின்னலின் ஒரு சுற்று என்பது இடது இழை நடுவின் மேல், பிறகு வலது இழை நடுவின் மேல். மேலே இடமிருந்து வலமாக அ, ஆ, இ என்று எண்கள் இருந்தால், முதல் குறுக்கிடத்துக்குப் பின் (2அ − ஆ, அ, இ). இரண்டாவதற்குப் பின் (2அ − ஆ, இ, 2இ − அ). இதுதான் ஒரு சுற்றின் முழு விதி. மூடும்போது கயிறுகளைப் பலகையின் வலப்புறமாக ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று வளைவுகளாகக் கொண்டுவர வேண்டும்: வலது இழை உள்வளைவு, இடது இழை வெளிவளைவு. அங்கே குறுக்கிடமே இல்லாததால் வண்ணமும் மாறாது. ஆகவே கேள்வி ஒன்றே ஒன்று: எந்தத் தொடக்க வண்ணங்கள், அத்தனை சுற்றுக்கும் பிறகு அதே இடங்களில் திரும்பி வருகின்றன?

ஒரு சுற்று பின்னி மூடினால் கிடைப்பது வெறும் வளையம்; இரண்டு சுருக்குகளைப் பிரித்தால் அவிழ்ந்துவிடும். இரண்டு சுற்று மூடினால் எட்டு வடிவ முடிச்சு. இதை மூன்று வண்ண நாடாவோடு எவ்வளவு நேரம் முட்டினாலும் ஒரே வண்ணம் தவிர வேறு வழி வராது. எட்டு வடிவ முடிச்சும் வெறும் வளையமும் மூன்று வண்ணங்களின் பார்வையில் ஒன்றுபோலவே இருக்கின்றன. 5ஆல் வகுத்த மீதிக்குப் போனால் கதவு திறக்கிறது. (3, 4, 1) என்று தொடங்கினால் முதல் சுற்று (2, 1, 4) தருகிறது, இரண்டாவது (3, 4, 1). திரும்பிவிட்டது! மொத்தம் 25 வண்ணமிடல்கள். எனக்குப் பிடித்தது என்னவென்றால், முதல் சுற்றில் எல்லா எண்களும் 0ஐ மையமாகக் கொண்டு பிரதிபலிக்கின்றன: 3 போய் 2, 4 போய் 1, 1 போய் 4. ஆனால் அந்த 0 முடிச்சின் எந்தத் துண்டிலும் இல்லை. ஐந்து நிறங்களை வைத்துக்கொண்டு நான்கை மட்டும் பூசுகிறோம். ஐந்தாவது நிறம் மறைவில் நின்று மற்ற நான்கையும் ஆட்டிவைக்கிறது.

மூன்று சுற்றில் காட்சி மாறுகிறது. ஒவ்வொரு சுற்றும் மூன்று இழைகளை வட்டமாக இடம் மாற்றுவதால், மூன்று சுற்றுக்குப் பிறகு ஒவ்வோர் இழையும் தன் பழைய இடத்துக்கே வந்துவிடும். மூடினால் ஒரு கயிறு அல்ல, மூன்று தனித்தனி வளையங்கள். இவைதான் பொரோமியன் வளையங்கள். இத்தாலியின் பொரோமியோ குடும்பத்தின் சின்னத்தில் இருப்பதால் வந்த பெயர். எந்த இரண்டும் ஒன்றோடொன்று கோத்திருக்கவில்லை. ஒன்றை வெட்டி எடுத்தால் மற்ற இரண்டும் தனியாக விழும். ஆனால் மூன்றும் சேர்ந்திருக்கும்போது பிரிக்க முடியாது. பிரிக்க முடியாது என்பதை எப்படி நிறுவுவது? இரண்டு இரண்டாக எடுத்து எத்தனை முறை சுற்றியிருக்கிறது என்று எண்ணும் பழைய முறை இங்கே கைகொடுக்காது. எல்லா எண்ணிக்கையும் பூச்சியம்.

வண்ணங்கள் கைகொடுக்கின்றன, அதுவும் தலைகீழாக. ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று வளையங்களுக்கு ஆளுக்கு ஒரு வண்ணம் என்று 27 விதமாக வண்ணமிடலாம். பொரோமியன் வளையங்களின் படத்தில் ஒவ்வொரு வளையத்துக்கும் இரண்டு துண்டுகள் உண்டு. முதல் வளையம் மூன்றாவதின் அடியில் இருமுறை போகிறது, ஒருமுறை அதன் ஒரு துண்டுக்கு அடியிலும் மறுமுறை மற்றத் துண்டுக்கு அடியிலும். முதல் வளையத்தின் இரு எண்களின் கூட்டல் இரண்டு இடத்திலும் ஒன்றே; ஆகவே மூன்றாவது வளையத்தின் இரு துண்டுகளின் இருமடங்குகளும் சமம். 3ஆல் வகுத்த மீதியில் இருமடங்குகள் சமமென்றால் எண்களும் சமம். இதே வாதம் மூன்று வளையங்களுக்கும் பொருந்துவதால், ஒவ்வொரு வளையமும் ஒரே வண்ணம். பிறகு விதியைத் திரும்பப் பார்த்தால் மூன்று வளையங்களும் ஒரே வண்ணம். மொத்தம் 3 வண்ணமிடல்கள்தான். 27 இருக்க வேண்டிய இடத்தில் 3. ஆகவே வளையங்கள் பிரியாது. தனிமுடிச்சில் வண்ணம் கூடினால் சிக்கல் என்று பொருள்; பல வளையப் பிணைப்பில் வண்ணம் குறைந்தாலே சிக்கல் என்று பொருள். வண்ணம் போட முடியவில்லை என்று நாடாவைக் கீழே வைக்கும் இடத்திலும் ஒரு நிரூபணம் முடிந்திருக்கிறது.

இதில் ஒரு குறும்பும் உண்டு. 4ஆல் வகுத்த மீதியில் இதே பின்னலைக் கணக்கிட்டால், எந்த மூன்று எண்களில் தொடங்கினாலும் மூன்று சுற்றில் திரும்பிவிடுகின்றன: 64 வண்ணமிடல்கள். தொடர்பில்லாத மூன்று வளையங்களுக்கும் அதே 64தான். நான்கு எண்களிடம் பொரோமியன் வளையங்கள் தங்களை அவிழ்ந்தவையாகவே காட்டிக்கொள்கின்றன. மூன்று வண்ணங்களிடம்தான் மாட்டிக்கொள்கின்றன. எண்ணிக்கை பெரிதாக இருந்தால் கருவியும் கூர்மையாக இருக்கும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நான்கு சுற்று பின்னலுக்குத்தான் நாடா சுற்றிய உழைப்பு முழுவதும் பலித்தது. மீண்டும் ஒரே கயிறு, எட்டுக் குறுக்கிடங்கள். முடிச்சு அட்டவணைகளில் எட்டுக் குறுக்கிட வரிசையில் 18ஆம் எண் இதற்கு. சிவப்பு, சிவப்பு, நீலம் என்று மேலே தொடங்கினேன். முதல் சுற்றின் முடிவில் சிவப்பு, நீலம், பச்சை. இரண்டாவதில் பச்சை, பச்சை, நீலம். மூன்றாவதில் பச்சை, நீலம், சிவப்பு. நான்காவதில் சிவப்பு, சிவப்பு, நீலம். திரும்பிவிட்டது. வேறு தொடக்கம் எடுத்தாலும் திரும்புகிறது. எதை எடுத்தாலும் திரும்புகிறது! 27 தொடக்கங்களில் ஒன்றுகூடத் தவறுவதில்லை.

காரணம் மேலே எழுதிய வரிசையிலேயே இருக்கிறது. இரண்டு சுற்றுக்குப் பின் நீலம் அப்படியே இருக்க, சிவப்பு இருந்த இடங்களில் பச்சை வந்திருக்கிறது. பின்னலுக்கு மாறாத எண் ஒன்று உண்டு: இடது கழித்தல் நடு கூட்டல் வலது. விதியில் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு சுற்றிலும் அது அப்படியே நிற்கும். இந்தத் தொடக்கத்துக்கு அதன் மதிப்பு 1, அதாவது நீலம். மூன்று வண்ணக் கணக்கில் இரண்டு சுற்று என்பது அந்த மாறாத நிறத்தைக் கண்ணாடியாக வைத்து மற்ற இரண்டையும் இடம் மாற்றுவதுதான். இருமுறை மாற்றினால் பழைய நிலை. அவ்வளவே.

இந்த முடிச்சு எவ்வளவு தனித்தது என்பதை அட்டவணையோடு ஒப்பிட்டால் தெரியும். கண்ணாடிப் பிம்பங்களை ஒன்றாக எண்ணினால், ஏழு குறுக்கிடங்கள் வரை உள்ள பகா முடிச்சுகள் (சிறிய முடிச்சுகளை ஒன்றோடொன்று சேர்த்து உருவாக்க முடியாதவை) 14. அவற்றில் மூன்று வண்ணம் ஏற்பவை நான்கே, ஒவ்வொன்றுக்கும் 9 வண்ணமிடல்கள். இங்கே நேராக 27. பலகையில் இதன் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதே இன்பம். சமச்சீராக நான்கு மடிப்புகள், ஆனால் நிறங்கள் நான்கு மடிப்பிலும் ஒரே மாதிரி விழுவதில்லை. மஞ்சள் நாடா மட்டும் வேண்டாம். வெள்ளைக் கயிற்றில், விளக்கு வெளிச்சத்தில், அது இருப்பதே தெரியாது.

ஐந்து சுற்றுக்கு வந்தபோது நாடாவை ஓரம் வைத்துவிட்டேன். எத்தனை நிறம் தேவை என்றே தெரியாத நிலையில் நாடா வாங்குவது வீண். மீதி எடுக்காமல், முழு எண்களாகவே கணக்கை ஓடவிட்டால் எந்த மீதி பொருந்தும் என்று பின்னலே சொல்லிவிடும். (0, 0, 1) என்று தொடங்குகிறேன். சுற்றுகளின் முடிவில் வருபவை இவை:

(0, 1, 2)
(−1, 2, 4)
(−4, 4, 9)
(−12, 9, 22)
(−33, 22, 56)
(−88, 56, 145)

ஒவ்வொன்றிலிருந்தும் தொடக்கமான (0, 0, 1)ஐக் கழித்துப் பாருங்கள். மூன்றாவது சுற்றில் (−4, 4, 8): எல்லாம் 4இன் மடங்குகள். நான்காவதில் (−12, 9, 21): எல்லாம் 3இன் மடங்குகள். ஐந்தாவதில் (−33, 22, 55): 11இன் மடங்குகள். ஆறாவதில் (−88, 56, 144): 8இன் மடங்குகள். வித்தியாசம் எந்த எண்ணால் வகுபடுகிறதோ, அந்த எண்ணின் மீதியில் பின்னல் தொடக்கத்துக்குத் திரும்பிவிட்டது என்று பொருள். ஆகவே ஐந்து சுற்றுப் பின்னலுக்கு 11 வண்ணங்கள்; எந்தத் தொடக்கமும் திரும்பும், 11 × 11 × 11 = 1331 வண்ணமிடல்கள்.

பொது மடங்கை வெளியே எடுத்தால் உள்ளே மிஞ்சுவது இன்னும் சுவையானது. ஐந்தாவதில் 11ஐ எடுத்தால் (−3, 2, 5). ஆறாவதில் 8ஐ எடுத்தால் (−11, 7, 18). 2, 3, 5 ஆகியவை ஃபிபனாச்சி எண்கள். 7, 11, 18 ஆகியவை லூகாஸ் எண்கள். அதே கூட்டல் விதி, ஆனால் 2, 1, 3, 4, 7 என்று தொடங்கும் வரிசை. ஒற்றைச் சுற்றுகளில் வெளியே லூகாஸ், உள்ளே ஃபிபனாச்சி. இரட்டைச் சுற்றுகளில் வெளியே ஃபிபனாச்சி, உள்ளே லூகாஸ். நான்காவதைச் சரிபார்க்கலாம்: வெளியே 3, உள்ளே (−4, 3, 7). பொருந்துகிறது.

இது தற்செயல் அல்ல. மாறாத எண்ணான ‘இடது − நடு + வலது’ பூச்சியமாகும்படி எல்லா எண்களையும் நகர்த்திக்கொண்டால், நடு எண்ணைத் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை; அது எப்போதும் மற்ற இரண்டின் கூட்டல். அப்போது ஒரு சுற்று என்பது (அ, இ) போய் (அ − இ, 2இ − அ) ஆவது. இந்த 2 × 2 அணி, அடுத்தடுத்த ஃபிபனாச்சி எண்களை இரண்டு படி நகர்த்தும் அணியேதான், ஒரு குறி மாற்றத்தோடு. முடிச்சுக் கோட்பாட்டில் ஒவ்வொரு முடிச்சுக்கும் பிணைப்புக்கும் அதன் அணிக்கோவை என்று ஓர் எண் உண்டு. ஒரு பகா எண் அந்த அணிக்கோவையை வகுத்தால் மட்டுமே, அத்தனை வண்ணங்களில் ஒரே நிறமல்லாத வண்ணமிடல் கிடைக்கும். பின்னல் வரிசைக்கு அது 1, 5, 16, 45, 121, 320 என்று போகிறது. ஒற்றைச் சுற்றுகளில் லூகாஸ் எண்ணின் வர்க்கம்: 16 = 4 × 4, 121 = 11 × 11. இரட்டைச் சுற்றுகளில் ஃபிபனாச்சி வர்க்கத்தின் ஐந்து மடங்கு: 45 = 5 × 9, 320 = 5 × 64. எட்டு வடிவ முடிச்சு 5 வண்ணங்களை ஏன் கேட்டது என்பதற்கும் பதில் இதிலேயே கிடைத்துவிட்டது.

சிறிய பைத்தான் நிரல் ஒன்றையும் எழுதினேன். மூன்று தொடக்க எண்களின் எல்லாச் சேர்க்கைகளையும் எடுத்து, விதியை வேண்டிய சுற்றுகளுக்கு ஓட்டி, திரும்பி வருபவற்றை எண்ணுவது மட்டுமே அதன் வேலை. அணி, அணிக்கோவை என்று எதுவும் தேவையில்லை. ஏழு சுற்று, 29 வண்ணங்கள் என்ற கணக்கில்கூட 24,389 சேர்க்கைகள்தான், கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அத்தனையும் திரும்பின. ஏழாவது லூகாஸ் எண் 29 என்பதால் இது எதிர்பார்த்ததே. பொதுவான முடிச்சுப் படங்களுக்கு நிரல் எழுதுபவர்கள் துண்டுகளையும் குறுக்கிடங்களையும் குறித்துக்கொள்வதிலேயே பாதி நேரத்தைச் செலவிடுவார்கள். பின்னலாக எழுத முடிந்தால் அந்தத் தலைவலி இல்லை. எந்த முடிச்சையும் பின்னலை மூடியதாக எழுதிவிடலாம் என்று 1923இல் ஜேம்ஸ் அலெக்சாண்டர் நிறுவியிருப்பதால், இந்த வழி எப்போதும் திறந்தே இருக்கிறது.

இந்தக் கருவியால் செய்ய முடியாததையும் சொல்லிவிட வேண்டும். பிரதிபலிப்பு விதிக்கு இடம் வலம் தெரியாது. இடக்கை மூவிலை முடிச்சும் வலக்கை மூவிலை முடிச்சும் வெவ்வேறு என்று 1914இல் மாக்ஸ் டேன் நிறுவிவிட்டார். ஆனால் இரண்டுக்கும் 9 வண்ணமிடல்களே. இதற்கு நான் பெரிதாக வருந்தவில்லை. வருத்தம் தந்தது வேறொன்று.

சடைப் பின்னலில் இடதும் வலதும் மாறி மாறி நடுவின் மேல் ஏறுகின்றன. அதை விட்டுவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் இடது இழையையே மற்ற இரண்டின் மேலும் வலதுகோடிக்குக் கொண்டுபோனால் அது பின்னல் அல்ல, முறுக்கு. (அ, ஆ, இ) போய் (2அ − ஆ, 2அ − இ, அ) ஆகும். மூன்று சுற்றுக்குப் பிறகு என்ன வருகிறது என்று கணக்கிட்டால், எல்லா எண்களும் அதே மாறாத எண்ணில் பிரதிபலித்து நிற்கின்றன. ஆறு சுற்றில் எல்லாம் பழையபடி, எந்த மீதியிலும். இப்போது ஐந்து சுற்று மூடினால் என்ன ஆகும்? ஐந்து சுற்றில் திரும்பும் வண்ணங்கள் ஆறிலும் திரும்புகின்றன. ஆகவே மிச்சமுள்ள ஒற்றைச் சுற்றிலும் திரும்பியாக வேண்டும். ஒற்றைச் சுற்றை மூடினால் அது வெறும் வளையம், அதற்கு ஒரே நிற வண்ணமிடல் மட்டுமே. ஆக, பத்துக் குறுக்கிடங்கள் கொண்ட இந்த முடிச்சுக்கு மூன்று வண்ணம், ஐந்து வண்ணம், நூறு வண்ணம் என்று எதிலும் உருப்படியான வண்ணமிடல் கிடையாது. அணிக்கோவை 1. கயிற்றைக் கையில் எடுத்து இழுத்துப் பார்த்தால் இது அவிழும் முடிச்சாகத் தோன்றவே இல்லை. ஆனால் எண்கள் எல்லாம் வாய் மூடிக்கொண்டன.

எண்கள் பேசவில்லை என்றால் வண்ணமாக வேறு எதையாவது வைக்க வேண்டும். விதிக்குத் தேவையானது பிரதிபலிப்பு மட்டுமே: மேலே இருப்பது அடியில் போவதை எதுவாகவோ மாற்றுகிறது, மறுமுறை மாற்றினால் பழையதே திரும்புகிறது, மூன்றாவது அசைவிலும் முரண்பாடு வருவதில்லை. இத்தகைய அமைப்புகளை ஜப்பானியக் கணிதவியலாளர் தகாசாகி 1940களிலேயே ஆராய்ந்திருக்கிறார். 1982இல் டேவிட் ஜாய்ஸும் செர்கேய் மத்வேயேவும் ஒருவரையொருவர் அறியாமல் இதை முடிச்சுகளுக்கென்றே விரிவாக்கினார்கள். ஜாய்ஸ் வைத்த பெயர் குவாண்டில்.

நான் எடுத்துக்கொண்ட வண்ணங்கள் இவை: 1 முதல் 5 வரையான எண்களில் இரண்டு சோடிகளை இடம் மாற்றுவது, ஒன்றை விட்டுவிடுவது. 13·24 என்று எழுதினால் 1ம் 3ம் இடம் மாறுகின்றன, 2ம் 4ம் இடம் மாறுகின்றன, 5 சும்மா இருக்கிறது. மொத்தம் இப்படி 15 உண்டு. விதி: மேலே போகும் இழையின் இடமாற்றத்தை, அடியில் போகும் இழையின் பெயரில் உள்ள எண்களுக்குச் செய்ய வேண்டும். மேலே 13·24, அடியில் 15·23 என்றால், 15 போய் 35, 23 போய் 41, வெளிவருவது 14·35.

இப்போது முறுக்கின் மேலே இடமிருந்து வலமாக 13·24, 15·23, 14·25 என்று வைத்து ஓடவிட்டேன்.

14·35, 23·45, 13·24
13·25, 12·45, 14·35
24·35, 12·34, 13·25
14·25, 15·34, 24·35
13·24, 15·23, 14·25

ஐந்தாவது சுற்றில் தொடக்கம் திரும்பிவிட்டது. இந்த முடிச்சு அவிழாது. முடிச்சில் பத்துத் துண்டுகள். பத்திலும் பத்து வெவ்வேறு வண்ணங்கள். மூன்றாவது வரியில் இன்னொன்றும் தெரிகிறது: தொடக்க வரியின் ஒவ்வோர் எண்ணோடும் ஒன்று கூட்டி, 6 வந்தால் 1 என்று திருப்பினால் கிடைப்பது அந்த வரிதான்.

நிரலில் விதியை மாற்றி 3,375 தொடக்கங்களையும் ஓட்டினால் 135 திரும்புகின்றன. 15 ஒரே நிறம் கொண்டவை. எஞ்சிய 120ம் மேலே எழுதிய ஒரே வண்ணமிடலின் மறுபதிப்புகள்: ஐந்து எண்களுக்கு வேறு வரிசையில் பெயரிட 120 வழிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணமிடல். பலகையில் இதற்கு நாடா சுற்றவில்லை. ஒவ்வொரு துண்டின் மேலும் சோடிகளை எழுதிய சீட்டு ஒன்றைக் குண்டூசியால் குத்தியதோடு சரி.